முதலில் எந்த கோல்ஃப் கிளப்பை (மட்டையை) மாற்றுவது? என் ஒரு வருட அனுபவம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. கோல்ஃப் எனக்குப் பழக்கமானது பெங்களூரில். வியாபார விஷயமாக மாதம் இரண்டு முறை போகும்போது ஒரு நண்பர் பயிற்சி மைதானத்துக்கு அழைத்துப் போனார். பிறகு அவர் வெளிநாடு கிளம்பும்போது தன் பழைய செட்டை 14,000 ரூபாய்க்கு எனக்கே கொடுத்துவிட்டார். வெகுதூரம் அடிக்க டிரைவர், 3 வுட், நடுத்தூரத்துக்கு 4 முதல் 9 வரை அயர்ன், கிட்டத்திலிருந்து உயரத் தூக்கி அடிக்கப் பிட்ச்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், குழிக்குள் உருட்டிவிடப் பட்டர் என்று மொத்தம் 11. ஒரு ஆட்டத்துக்கு 14 வரை எடுத்துப் போக விதி இடம் கொடுக்கிறது. தொடங்குகிறவருக்கு 11 தாராளம்.

ஆட்டத்துக்குக் கோவை செட்டிப்பாளையம் போவேன். மற்ற நாட்களில் ஏற்காடுதான். நாகலூர் பக்கம் மாமாவுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. மறுநடவுக்காகச் செடிகளைப் பிடுங்கிய ஒரு துண்டு நிலம் காலியாகக் கிடந்தது. ஞாயிறு காலை 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போய், ஒரு வாளிப் பந்தை அங்கே அடித்துவிட்டு இறங்குவேன். களத்தில் சாக்கை விரித்து, அதன் மேல் பந்து விழுகிற மாதிரி சின்ன அடி பழகுவேன்.

போன தீபாவளி வியாபாரம் முடிந்ததும் 40,000 ரூபாய் தனியாக எடுத்து வைத்தேன். புது டிரைவர் வாங்க வேண்டும் என்று ஒரே எண்ணம். தொடங்குகிற எல்லோருக்கும் இந்த ஆசை வருகிறது. பந்து தூரமாகப் பறக்கிற அந்த ஒரு அடிதான் மனதில் நிற்கிறது. இரண்டடி தூரத்தில் குழியைத் தவறவிட்டது வீடு வருவதற்குள் மறந்துபோகிறது.

செட்டிப்பாளையத்தில் எனக்கு வழக்கமாகப் பை தூக்கும் கேடி அண்ணனிடம் எந்த டிரைவர் நல்லது என்று கேட்டேன். அவர் பெயர் எதுவும் சொல்லவில்லை. "சார், அஞ்சு ரவுண்டுக்கு பட் எத்தன போட்டீங்கன்னு கார்டுல தனியா எழுதுங்க. அப்புறம் பாத்துக்கலாமுங்க" என்றார். பட் என்றால் பட்டரால் உருட்டுகிற அடி.

எழுதினேன். ஐந்து ரவுண்டிலும் சேர்த்து 546 அடி. அதில் பட்டரால் மட்டும் 205. நூற்றுக்கு முப்பத்தேழரை! டிரைவரை ஒரு ரவுண்டில் 12, 13 முறைதான் எடுத்திருந்தேன். பட்டரை 41 முறை. ஒரு ரவுண்டுக்கு 18 குழி. குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய கிரீன் ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டில் முடித்தாலே 36தான் ஆகும். கார்டின் ஓரத்தில் இன்னொரு கணக்கும் வைத்திருந்தேன். 100 கஜத்துக்குள் வந்த பிறகு, கிரீனில் ஏறுவதற்கே இரண்டு மூன்று அடி வீணான குழிகள் ரவுண்டுக்கு ஏழெட்டு இருந்தன. டிரைவரால் பந்து தொலைந்து தண்டனை அடி வாங்கியது சராசரி இரண்டுதான்.

அந்தக் கார்டுகளைப் பார்த்தபோது இந்திய கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் ஞாபகம் வந்தார். 2021 ஆகஸ்ட் 7 அதிகாலை, டோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசிச் சுற்றை வீட்டில் எல்லோரையும் எழுப்பி உட்கார வைத்துப் பார்த்தேன். அடிக்கிற தூரத்தில் அவர் கடைசி வரிசையில் இருந்தார். தன்னைவிட வெகுதூரம் அடிக்கிறவர்களோடு பட்டரை நம்பியே நான்கு நாள் போட்டி போட்டு, ஒரே ஒரு அடியில் வெண்கலத்தைத் தவறவிட்டு நான்காவதாக வந்தார். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

சரி, புது பட்டர் வாங்கலாம் என்று பெங்களூரில் ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பட் நிலையில் நிற்கச் சொல்லி, இரண்டு கண்களுக்கும் நடுவே மூக்கின் மேல் ஒரு பந்தைப் பிடித்து விடச் சொன்னார். அது தரையில் இருந்த பந்தின் மேல் விழவில்லை. மூன்று அங்குலம் தள்ளி என் கால் பக்கம் விழுந்தது. என் உயரம் 5 அடி 4 அங்குலம். பட்டர் 35 அங்குலம். நீளம் கூடுதல் என்பதால் பந்தை விட்டு விலகி நின்றிருக்கிறேன், பட்டர் தலையின் நுனியும் தரையை விட்டுத் தூக்கி நின்றிருக்கிறது. கண் பந்துக்கு மேலே வராதபோது குழிக்குப் போகிற கோடே தப்பாகத்தான் தெரியும். புது பட்டர் வாங்கியிருந்தால் அதுவும் 34, 35 அங்குலத்தில்தான் வந்திருக்கும். குறை அப்படியே தொடர்ந்திருக்கும்.

அதே பட்டரில் இரண்டு அங்குலத்தை அறுத்து எடுத்துவிட்டுப் புது கிரிப் (கைப்பிடி உறை) போட்டார். கிரிப்புக்கு 900 ரூபாய், கூலி தனி.

வீட்டுக்கு வந்து பிடித்துப் பார்த்தால் தலை காணாமல் போன மாதிரி இருந்தது. பட்டறைத் தராசில் வைத்தேன். அறுப்பதற்கு முன் 520 கிராம், இப்போது 512. எட்டு கிராம் போனதற்குக் கை ஏன் இப்படிச் சொல்கிறது? நெம்புகோல் கணக்குதான். தண்டு நீளமாக இருந்தால் முனையில் உள்ள எடை கைக்குக் கூடுதலாகத் தெரியும், குறுகினால் குறைவாகத் தெரியும். அந்த ஆர்வத்தில் செட்டு முழுவதையும் நிறுத்தேன். டிரைவர் 312, ஏழாம் நம்பர் அயர்ன் 428, சாண்ட் வெட்ஜ் 462. நீளம் குறையக் குறையத் தலையில் எடையைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார்கள், எல்லாம் கையில் ஒரே மாதிரி சுழல வேண்டும் என்பதற்காக. கிராம் கணக்கில் பிழைக்கிற தொழிலில் இருப்பவன் நான். இந்த வேலைப்பாட்டை நினைத்தால் இப்போதும் மனம் நிறைகிறது.

பட்டரின் அடிப்பகுதியில் 20 கிராம் ஈயப் பட்டையை ஒட்டினேன். ஆட்டம் தொடங்கும் முன் ஒட்டிக்கொள்ள விதியில் தடை இல்லை. கை பழைய கனத்தை உணர்ந்தது.

அடுத்து கிரிப். யாரும் இதை அப்கிரேடு என்று நினைப்பதில்லை. ரப்பர் காய்ந்து பளபளப்பாகிவிட்டால் பிடி வழுக்கும். வழுக்குமோ என்ற பயத்தில் விரல் இறுகும். விரல் இறுகினால் மணிக்கட்டு விறைத்துப்போகும். சேலம் வெயிலில், வியர்த்த கையோடு, இது பெரிய கஷ்டம். பத்து கிரிப்பை 400 ரூபாய் வீதம் வாங்கிப் பட்டறையிலேயே மாற்றினேன். பழையதை நெடுக்காகக் கீறி உரித்து, தண்டில் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப் சுற்ற வேண்டும். புது கிரிப்பின் மேல் துளையை விரலால் அடைத்து உள்ளே டர்பன்டைன் ஊற்றிக் குலுக்கி, அதை அப்படியே டேப்பின் மேல் விட்டு ஒரே மூச்சில் ஏற்றிவிட வேண்டும். தயங்கினால் பாதியில் சிக்கிக்கொள்ளும். ஒரு நாள் காயட்டும். கிரிப் இன்னும் மிருதுவாகவே இருந்தால் மாற்ற வேண்டாம், சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினாலே போதும்.

வெட்ஜ் விஷயத்தில்தான் நான் அதிகம் யோசித்தேன். என் பிட்ச்சிங் வெட்ஜின் லாஃப்ட், அதாவது முகத்தின் சரிவு, 45 டிகிரி, சாண்ட் வெட்ஜ் 56. நடுவே 11 டிகிரி இடைவெளி. முதலாவது 95 கஜம் போகும், இரண்டாவது 65. பந்து 80 கஜத்தில் கிடந்தால் என்னிடம் அதற்கான கிளப்பே இல்லை. ஒன்றை அரைகுறையாக அடிக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொன்றை வெறியோடு அடிக்க வேண்டும். புதிதாக ஆடுகிறவரால் இரண்டும் முடியாது. அயர்ன்கள் தூரம் போவதற்காகப் பிட்ச்சிங் வெட்ஜின் சரிவைக் குறைத்துக்கொண்டே வந்ததில் உண்டான ஓட்டை இது. உங்கள் செட்டிலும் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

50 டிகிரி வெட்ஜ் வாங்குவது என்று முடிவு செய்தேன். வாங்கும்போது பவுன்ஸையும் பார்க்க வேண்டும். அடிப்பாகம் தரையில் புதையாமல் எகிற வைக்கும் கோணம் அது. என் சாண்ட் வெட்ஜில் 14 டிகிரி. மணலுக்கு அருமை. கோடையில் இறுகிப்போன தரையில் அதே வெட்ஜ் எகிறிப் போய்ப் பந்தின் வயிற்றில் இடிக்கும். பந்து கிரீனைத் தாண்டி ஓடும். அதனால் 8 டிகிரி பவுன்ஸ் உள்ளதாக, ஒருவர் பயன்படுத்தியதை 5,500 ரூபாய்க்கு வாங்கினேன்.

ஏற்காட்டில் அடித்துப் பார்த்து 82 கஜம் என்று குறித்துக்கொண்டேன். கோவையில் 76 போனது. சந்தேகப்பட்டுப் பழைய கிளப்களின் குறிப்பையும் ஒப்பிட்டேன். எல்லாமே மலையில் கூடுதலாகத்தான் இருந்தன. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர். காற்று அடர்த்தி குறைவு, பந்துக்குத் தடையும் குறைவு. மலையில் பழகுகிறவர்கள் தூரக் கணக்கைக் கீழே வந்து எடுங்கள். நான் ஒரு வருடம் தப்பான கணக்கை வைத்து கிரீனுக்கு முன்னாலேயே பந்தைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நாலாம் நம்பர் அயர்னுக்குப் பதில் 22 டிகிரி ஹைப்ரிட் (அயர்னும் வுட்டும் கலந்த மாதிரி), பழையது, 6,000. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. மெதுவாகச் சுழற்றுகிறவர்கள் கையில் நீண்ட அயர்னில் பந்து எழும்பாது. மீதி அயர்ன்களைத் தொடவில்லை. பந்தில் மார்க்கரால் கோடு போட்டு அடித்துப் பார்த்தேன். முகத்தில் கோடு நேராகப் பதிந்தது. அப்படியென்றால் லை கோணம், அதாவது தண்டு தரையோடு சாய்கிற கோணம், எனக்குச் சரியாக இருக்கிறது.

டிரைவர்? அது 9 டிகிரி, தண்டு ஸ்டிஃப், அதாவது விறைப்பானது. எனக்கு 12 டிகிரியும் கொஞ்சம் வளைகிற ரெகுலர் தண்டும்தான் பொருந்தும் என்று அந்தக் கடையின் கருவியில் அடித்துப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. ஆனாலும் வாங்கவில்லை. பாதை குறுகலான குழிகளில் 3 வுட்டால் தொடங்குகிறேன், பந்து தொலைவதில்லை. செலவு 17,000 பக்கம் ஆனது, மீதிப் பணம் வங்கியில் இருக்கிறது. கடைசி மூன்று ரவுண்டில் பட் 36, 35, 37. ரவுண்டு ஒன்றும் நூறைத் தாண்டவில்லை. சராசரி 36க்குக் கீழே நிலைத்த பிறகு டிரைவரைப் பார்க்கலாம் என்று கேடி அண்ணனும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

இந்த மாதம் தோட்டத்தில் பழம் பறிப்பு தொடங்கிவிட்டது. "மாப்ள, களத்துல காப்பி காயுது, பிப்ரவரி தாண்டி வா" என்று மாமா சொல்லிவிட்டார். அதுவரை ராத்திரி பட்டறையைச் சாத்திய பிறகு, கூடத்தில் ஒரு பாயை விரித்து, ஆறடி தூரத்தில் டம்ளரைப் படுக்க வைத்து, தினமும் நூறு பட்.