தாத்தா எந்தக் கடற்படையில் இருந்தார்?

"நேவியில ஆபீசரா இருந்தார்" என்ற ஒற்றை வரியோடு எழும்பூருக்குக் கிளம்பினால் ஒரு நாள் வீண். காந்தி இர்வின் சாலையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருப்பவை சென்னை மாகாண அரசின் கோப்புகள். அதிகாரியின் பணிப்பதிவை அங்கே தேடுவதில் பயனில்லை.

முதலில் பரணில் இருக்கும் புகைப்படத்தை எடுத்துப் பாருங்கள். பதவியைக் காட்டும் பட்டைகள் நீல உடுப்பில் மணிக்கட்டில் இருக்கும், வெள்ளை உடுப்பில் தோளில். இரண்டாம் உலகப் போர்க்காலப் படமென்றால், எண்ணுவதற்கு முன் வடிவத்தைக் கவனியுங்கள். நேராக ஓடினால் நிரந்தரப் படை. இழைகள் பின்னிக்கொண்டு ஓடினால் வணிகக் கப்பலிலிருந்து வந்த ரிசர்வ் அதிகாரி. அலைபோல் நெளிந்தால் தன்னார்வ ரிசர்வ், அதாவது போருக்காக வேறு வேலையை விட்டு வந்தவர். பிறகு எண்ணுங்கள். இரண்டு பட்டை லெப்டினன்ட், நடுவில் மெல்லியதாக ஒன்று கூடினால் லெப்டினன்ட் கமாண்டர், மூன்று கமாண்டர், நான்கு கேப்டன். கடற்படைக் கேப்டன் தரைப்படைக் கர்னலுக்குச் சமம். சரக்குக் கப்பலை ஓட்டியவரையும் ஊரில் கேப்டன் என்றுதான் சொன்னார்கள், அதனால் வீட்டுப் பேச்சை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அடுத்தது நேவி லிஸ்ட், அதாவது கடற்படை அதிகாரிகளின் பெயரும் பதவியும் அச்சிட்ட அதிகாரபூர்வப் பட்டியல். உலகப் போர்க்காலப் பதிப்புகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. 1934 அக்டோபர் 2-க்கு முன் 'ராயல் இந்தியன் மரீன்', அதன்பின் 'ராயல் இந்தியன் நேவி' என்று தேட வேண்டும். லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஏ.டி.எம். 196 என்ற பணிப்பதிவு வரிசையைப் பலரும் புரட்டிப் பார்த்து ஏமாறுகிறார்கள். அது பிரிட்டிஷ் ராயல் நேவி அதிகாரிகளுக்கானது.

பெரிய தலைவலி நம் பெயர்தான். தகப்பனார் பெயர் இனிஷியலாக நிற்கும், அல்லது விரிந்து குடும்பப் பெயராகி அகரவரிசையில் வேறெங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும். பிள்ளை, முதலியார் என்ற பட்டம் ஒரு பதிப்பில் இருக்கும், அடுத்ததில் காணாது. ராமசாமி, ராமஸ்வாமி, ராமஸ்வாமி ஐயர் என மூன்றிடத்திலும் பார்க்கத்தான் வேண்டும். ஆளை அடையாளம் காட்டுவது பெயருக்குப் பக்கத்தில் உள்ள சீனியாரிட்டி தேதி, அதாவது அந்தப் பதவியில் பணிமூப்பு எண்ணத் தொடங்கும் நாள். பதவி உயரும்வரை அது பொதுவாக மாறாது. எழுத்து மாறியும் தேதி ஒன்றாக இருந்தால் அநேகமாக அவரேதான். ஆனால் அதை வேலையில் சேர்ந்த நாள் என்று குறித்துக்கொள்ளாதீர்கள். முந்தைய அனுபவத்துக்காக முன்தேதியிட்டுக் கொடுப்பதும் உண்டு.

பதிப்பு மாதம், பதவி, சீனியாரிட்டி, கப்பல் என நான்கு கட்டம் போட்டுப் பதிப்புவாரியாக நிரப்புங்கள். அட்டையில் உள்ள மாதத்துக்குச் சில வாரம் முந்தைய நிலவரமே உள்ளே இருக்கும். கப்பல் என்று போட்டிருப்பதெல்லாம் மிதந்தவையும் அல்ல. 'தல்வார்' பம்பாயில் இருந்த சிக்னல் பள்ளி, 'சர்க்கார்ஸ்' விசாகப்பட்டினத்துக் கரைத் தளம். இவற்றுக்குக் கடற்பயண லாக் புத்தகம் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பட்டியலில் பெயரே இல்லையா? 1946 பிப்ரவரி 18-இல் தல்வாரில் தொடங்கிய கிளர்ச்சியில் தாத்தா கலந்துகொண்டார் என்று வீட்டில் சொல்வார்களானால், அவர் அதிகாரியாக இல்லாமல் மாலுமியாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். கிளர்ச்சி செய்தவர்கள் மாலுமிகள். நேவி லிஸ்டில் அவர்கள் பெயர் வராது.

நடுவில் விழும் இடைவெளிகளுக்குக் கெசட், அதாவது அரசிதழ் உதவும். லண்டன் கெசட்டை இணையத்தில் தேடலாம். பழைய அச்சில் நீளமான தமிழ்ப் பெயர் வரி முடிவில் உடைந்திருந்தால் தேடுபொறிக்குச் சிக்காது. பெயரில் பாதியை மட்டும் கொடுத்து, தேதி வரம்பைச் சுருக்கிப் பாருங்கள். இந்திய கெசட்டுக்கு கன்னிமாரா நூலகத்தில் கேட்டுப் பார்க்கலாம். டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தின் கோப்புகளை 'அபிலேக் படல்' தளத்தில் தேடலாம்.

போர் நடுவில் பெயர் சட்டென்று நின்றுவிட்டால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தைப் பாருங்கள். உடல் கிடைக்காத இந்தியக் கடற்படையினர் பம்பாய், சிட்டகாங் நினைவுச்சின்னப் பட்டியல்களில் இருப்பார்கள். 1947-இல் நின்றால் சாவு என்று பதறாதீர்கள். அந்த ஆண்டு படையே இந்தியா, பாகிஸ்தான் என இரண்டாகப் பிரிந்தது.