வெளிநாடு போகணும்னா முதல்ல நீங்க செஞ்ச வேலையை எழுதுங்க

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துல இன்ஜினியரிங் முடிச்ச பிள்ளைங்க எனக்கு மெசேஜ் பண்ணா பெரும்பாலும் ஒரே கேள்விதான். அக்கா எந்த நாட்டுல சீக்கிரம் விசா கெடைக்கும், எந்த ஏஜென்ட்ட போகலாம். அதுக்கெல்லாம் முன்னாடி பாக்க வேண்டியது ஒண்ணு இருக்கு, இதுவரைக்கும் நீங்க செஞ்ச வேலைக்கு உங்க கையில எழுத்தா என்ன இருக்குங்கிறது. இத்தனை வருஷமா நம்ம பிள்ளைங்க முட்டி நிக்கிறத நான் பாக்குறது அங்கதான்.

நான் போனது ஆஸ்திரேலியா, படிச்சது எலக்ட்ரிக்கல், அதனால அதைப் பத்தி மட்டும் சொல்றேன். அங்க ஸ்கில்டு மைக்ரேஷன் விசாவுக்கு அப்ளை பண்றதுக்கு முன்னாடி இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியான்னு ஒரு அமைப்பு நம்ம படிப்பையும் அனுபவத்தையும் பாத்து சரின்னு சொல்லணும். வாஷிங்டன் அக்கார்டுன்னு, இன்ஜினியரிங் படிப்பை ஒரு நாட்டுக்கு ஒரு நாடு ஏத்துக்கிற ஒப்பந்தம் இருக்கு, அதுல இந்தியா 2014லயே முழு உறுப்பினர் ஆயிடுச்சு, உண்மைதான், ஆனா அந்த வழியில போகணும்னா நீங்க படிச்ச கோர்ஸுக்கு என்பிஏங்கிற தேசிய அங்கீகார வாரியத்தோட டயர் 1 அங்கீகாரம் இருக்கணும், நம்ம பக்கம் நிறைய பேருக்கு அது இருக்காது. அப்ப சிடிஆர்னு, உங்க திறமையைக் காட்டுற ஒரு ரிப்போர்ட் எழுதணும். மூணு கேரியர் எபிசோட், அதாவது நீங்க செஞ்ச ஒரு வேலையைப் பத்தின கட்டுரை, ஒவ்வொண்ணும் 1000ல இருந்து 2500 வார்த்தை, கூட ஒரு சம்மரி ஸ்டேட்மென்ட், அப்பறம் படிப்பு முடிச்ச பின்னாடி என்னென்ன கத்துக்கிட்டீங்கன்னு ஒரு லிஸ்ட்.

இதுல முக்கியம் என்னன்னா டீம் என்ன பண்ணுச்சுன்னு அவங்க கேக்கல, நீங்க என்ன பண்ணீங்கன்னு கேக்குறாங்க. நம்ம வளர்ந்த விதத்துக்கு இது ரொம்ப கஷ்டம், எல்லாத்தையும் நாங்க செஞ்சோம், சார் சொன்னாங்க செஞ்சோம்னுதான் நமக்கு வாயில வரும்.

என்னோட ஒரு எபிசோட சொல்றேன். புதுக்கோட்டை பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல மெயின்டனன்ஸ்ல இருந்தேன். ரிங் ஃப்ரேம், ஹ்யூமிடிஃபிகேஷன் ஃபேன் எல்லாத்துக்கும் வரிசையா மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற டிரைவ் போட்டதுக்கு அப்பறம், பவர் ஃபேக்டர சரி பண்ண வச்சிருக்குற கெப்பாசிட்டர் பேங்க் அடிக்கடி உப்பிக்கிட்டு ஃபியூஸ் போக ஆரம்பிச்சுச்சு, கெப்பாசிட்டர கழட்டி வச்சா பவர் ஃபேக்டர் இறங்கி கரண்ட் பில்லுல பெனால்ட்டி. அனலைசர் வச்சு அளந்தப்ப அஞ்சாவது ஹார்மோனிக், அதாவது லைன் ஃப்ரீக்வென்சியை விட அஞ்சு மடங்கு வேகமா கலக்குற அலை, தூக்கலா இருந்துச்சு. கெப்பாசிட்டரோட சேக்குற காயிலான 7% டீட்யூன்ட் ரியாக்டர் போடலாம்னு கணக்குப் போட்டேன், அது 50 ஹெர்ட்ஸ் லைன்ல ரெசனன்ஸ 189 ஹெர்ட்ஸுக்கு இறக்கிரும், அஞ்சாவது ஹார்மோனிக் 250ல இருக்குறதால பிரச்சினை விலகிரும். ரியாக்டர் சேந்தா கெப்பாசிட்டர் மேல வோல்டேஜ் ஏறும், அதனால 440க்குப் பதிலா 525 வோல்ட் கெப்பாசிட்டர்னு எழுதிக் குடுத்தேன். பாருங்க, இதுல பெரிய கண்டுபிடிப்பு ஒண்ணும் இல்ல. என்ன அளந்தேன், ஏன் அந்த முடிவு எடுத்தேன், எடுத்த பின்னாடி என்ன ஆச்சு, அவ்வளவுதான் அவங்களுக்கு வேணும். உங்க ஒவ்வொருத்தர் வேலையிலயும் இப்படி மூணு சம்பவமாவது கண்டிப்பா இருக்கும். ஃப்ரெஷரா இருந்தா ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ட கூட ஒரு எபிசோடா எழுதலாம்.

இதைத்தான் சில கன்சல்டன்சிக்காரங்க ரெடிமேடா எழுதித் தர்றேன்னு காசு வாங்குறாங்க. தயவுசெஞ்சு அந்தப் பக்கம் போகாதீங்க. ஒரே எபிசோட பேரை மட்டும் மாத்தி பல பேருக்கு விப்பாங்க, அங்க சாஃப்ட்வேர் வச்சு செக் பண்றாங்க, மாட்டுனா ரிஜெக்ட் மட்டும் இல்ல, திரும்ப அப்ளை பண்ண முடியாதபடி தடையும் போடுவாங்க. விசா விஷயத்துக்கு ஆள் வேணும்னா ஆஸ்திரேலியாவுல ரிஜிஸ்டர் ஆன ஏஜென்ட்டுக்கு ஒரு எம்ஏஆர்என் நம்பர் இருக்கும், கேட்டு வாங்கி ஆன்லைன்ல சரி பாத்துக்கங்க. கல்ஃப் வேலைன்னா நம்ம அரசாங்கத்தோட இமைக்ரேட் தளத்துல ஏஜென்ட்டுக்குப் பதிவு இருக்கான்னு பாருங்க, அந்த ஏஜென்ட் 30,000 ரூபாய்க்கும் ஜிஎஸ்டிக்கும் மேல கட்டணம் வாங்கக் கூடாதுன்னு ரூலே இருக்கு.

அப்பறம் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர். இன்ன தேதியில இருந்து இன்ன தேதி வரை வேலை பாத்தார், நடத்தை நன்றுன்னு ரெண்டு வரி பத்தாது. என்ன பதவி, என்ன வேலை, முழுநேரமான்னு லெட்டர்ஹெட்ல வரணும், கூட பே ஸ்லிப், ஃபார்ம் 16, பிஎஃப் கணக்கு. இதெல்லாம் வேலையில இருக்கும்போதே வாங்கி வைங்க, மேனேஜர் மாறிட்டா யாரும் எழுதித் தர மாட்டாங்க.

எங்க ஐயாவோட, அதாவது தாத்தாவோட, அப்பச்சி (அப்பாவை நாங்க அப்படித்தான் சொல்லுவோம்) பர்மாவுக்கு கொண்டுவிக்க, அதாவது கடல் தாண்டி தொழில் பண்ணப் போனவுக. எடுபிடி வேலை பாக்குற பெட்டியடிப் பையனா சேந்து, அடுத்தாள் ஆகி, கடையையே நடத்துற மேலாள் ஆனாகன்னு ஐயா சொல்வாக. மூணு வருஷக் கணக்குல போறது, அங்க நடக்குறதெல்லாம் பேரேட்டுல (கணக்குப் புத்தகத்துல) ஏறி ஐந்தொகையா, அதாவது வரவு செலவு இருப்புக் கணக்கா, ஊருக்கு வந்துரும், அதை வச்சுத்தான் ஒரு ஆளோட தெறமையே தெரியும். எழுதி வைக்கிறது நம்ம மண்ணுக்கு புதுசு இல்ல, அதனாலதான் இன்னைக்கு நம்ம பிள்ளைங்க கையில ஒரு காகிதமும் இல்லாம நிக்கிறப்ப எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

ஆனா அப்ப போனது ஆம்பளைக மட்டும்தான், ஆச்சிமாருக ஊர்ல இருந்து இம்மாம் பெரிய வீட்டையும் வரவு செலவையும் கட்டிக் காத்தாக. இப்ப நான் போயிட்டேன், வீட்டுல அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும். வளவு, அதாவது நடு முற்றம், சுத்தி இருக்குற அறையெல்லாம் பூட்டிக் கெடக்கு. இதையும் யோசிச்சுத்தான் கெளம்பணும், யாரு மாத்திரை வாங்கித் தர்றது, யாரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு பேர் போட்டு ஏற்பாடு பண்ணிட்டுப் போங்க.

ஒண்ண மறந்துராதீங்க, அசெஸ்மென்ட் வந்துட்டா விசா வந்துட்டதா அர்த்தம் இல்ல, விசா வந்துட்டா வேலை வந்துட்டதாவும் இல்ல. குயின்ஸ்லாந்து, விக்டோரியா மாதிரி மாநிலங்கள்ல இன்ஜினியரா கையெழுத்துப் போட தனியா ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கு. ரெஸ்யூமேல ஃபோட்டோ, பிறந்த தேதி, அப்பா பேரு எதுவும் வேணாம், செஞ்ச வேலை இருந்தா போதும்.

ஒரு எபிசோட் எழுதி முடிச்சவங்க எனக்கு அனுப்புங்க, உக்காந்து படிச்சு எங்க பத்தலன்னு சொல்றேன். எழுதித் தர மட்டும் கேக்காதீங்க.