கத்திரி வெயிலில் ஒரு பம்புசெட் தொட்டி

ஏப்ரல் 26

மதியம் மூன்று மணிக்குத் தொட்டித் தண்ணீர் 34 டிகிரி. கையை விட்டால் குளிக்க விளாவி வைத்த வெந்நீர் மாதிரி இருக்கிறது. வேலூர் வெயிலை இத்தனை வருடம் என் மண்டையில்தான் உணர்ந்திருக்கிறேன். அதற்குள்ளேயே கிடக்கிற மீனுக்கு எப்படி இருக்கும் என்று இன்றுதான் யோசித்தேன்.

காட்பாடியில் எங்கள் வீட்டுத் தென்னைகளுக்குப் பாய்ச்ச மாமனார் கட்டிய பம்புசெட் தொட்டி இது. எட்டடி நீளம், ஐந்தடி அகலம். கிணறு வற்றி மோட்டாரையும் விற்ற பிறகு பல வருடம் உடைந்த ஓடுதான் போட்டு வைத்திருந்தோம். போன ஐப்பசியில் கழுவிப் பூசி, இரண்டடிக்குத் தண்ணீர் நிறுத்தினேன். கணக்குப் போட்டால் 2,250 லிட்டர். கொளத்தூரில் வாங்கிய ஒன்பது தங்கமீன், ஐந்து கோய்க் கெண்டை. இரண்டுமே 20 முதல் 25 டிகிரித் தண்ணீரில் சுகமாக இருக்கிற சாதி. அவற்றுக்கு இது முதல் கோடை.

ஏப்ரல் 29

ஐஸ் வைத்தியம். ஐந்து இரண்டு லிட்டர் பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து மிதக்க விட்டேன். ஃப்ரீசரில் இடம் இல்லாமல் அத்தையின் வடகம் எல்லாம் வெளியே வந்தது. பலன்? தெர்மாமீட்டரில் அரை டிகிரி.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். ஒரு கிலோ ஐஸ் உருகி, தொட்டியின் சூட்டுக்கு வர சுமார் 110 கிலோ கலோரி இழுக்கும். பத்து கிலோவுக்கு 1,100. அதை 2,250 லிட்டருக்குப் பங்கு போட்டால் அரை டிகிரிக்கு மேல் எப்படி இறங்கும்? இன்னொரு கணக்கும் போட்டேன். தொட்டி ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வற்றுகிறது, அதாவது 37 லிட்டர். ஒரு லிட்டர் ஆவியாகப் போக சுமார் 580 கிலோ கலோரி. ஆக, மண்பானை வித்தையில் இந்தத் தொட்டி தினமும் கிட்டத்தட்ட 200 கிலோ ஐஸுக்குச் சமமாகத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. நான் பாட்டிலோடு போராடிக்கொண்டிருந்தேன். வடகம் மறுபடி உள்ளே போனது.

மே 2

வற்றியதை ஈடுகட்ட மதியம் இரண்டு மணிக்கு ஹோஸ் பைப்பைப் போட்டேன். மாடித் தொட்டித் தண்ணீர். முதல் நிமிடம் கை வைக்க முடியவில்லை. மீன்கள் எல்லாம் எதிர் மூலைக்கு ஓடிய பிறகுதான் எனக்கு உறைத்தது. உடனே மூடினேன், நல்லவேளை.

இனி தண்ணீர் விடுவது காலை ஆறு மணிக்கு மட்டும். போர் தண்ணீர் பூமியிலிருந்து வரும்போது அதில் காற்று குறைவாக இருக்கும் என்பதால் பைப்பை மேலே தூக்கிக் கட்டிச் சளசளவென்று விழ விடவேண்டும். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் டிரம்மில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுவேன்.

மே 5

நேற்று கத்திரி ஆரம்பம். பச்சை நிழல்வலை கட்டியாயிற்று. தண்ணீரை ஒட்டிக் கட்டாமல் ஆறடி உயரத்தில் கட்டச் சொன்னேன். காற்று ஓடினால்தானே ஆவியாகும். நர்சரியிலிருந்து இரண்டு சட்டி அல்லியும் வந்தது. இலை பாதித் தொட்டியை மூடினால் போதும், முழுக்க மூடினால் அதுவும் வம்பு.

“புங்கமரம் நட்டா போதுமே, வலை எதுக்கு?” என்றார் அத்தை. புங்கை நிழலுக்கு ஈடு இல்லைதான். ஆனால் புங்கங்கொட்டையை இடித்துக் குட்டையில் கரைத்து மீன் பிடிக்கிற வழக்கமே உண்டு. தொட்டிக்கு மேல் அந்த மரம் வேண்டாம்.

மதியம் 32.5. பரவாயில்லை.

மே 9

காலை ஐந்தரைக்கு வாசல் தெளிக்கப் போனவள் தற்செயலாகத் தொட்டியை எட்டிப் பார்த்தேன். பதினான்கு மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடிக்கொண்டிருந்தன. பசி என்று நினைத்து இரை போட்டேன். ஒன்றும் தொடவில்லை. தண்ணீர் 29 டிகிரிதான்! நான் பயந்துகொண்டிருந்தது மதியத்துக்கு.

ஊரில் மீன் பண்ணை வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். “அக்கா, தண்ணி பச்சையா இருக்கா? அப்ப அதுங்களுக்கு மூச்சு முட்டுது. ராத்திரி பாசியும் மூச்சு விடும் இல்ல” என்றான். பகலில் பாசி வெயிலை வாங்கி ஆக்சிஜன் விடும். இருட்டினால் அதுவும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். விடியற்காலையில்தான் கையிருப்பு அடிமட்டத்துக்குப் போகும். சூடான தண்ணீருக்குப் பிடிமானமும் குறைவு: 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். அதே சூட்டில் மீனின் உடம்பு கேட்பதோ அதிகம். வரவு குறைந்து செலவு ஏறிய வீடு மாதிரி.

நம் விராலும் பனையேறிக் கெண்டையும் என்றால் மேலே வந்து வெளிக்காற்றையே இழுத்துப் பிழைத்துக்கொள்ளும். என் தங்கமீனுக்கு அந்த வசதி இல்லை.

மே 10

ஏர் பம்ப், இரண்டு காற்றுக்கல். ராத்திரி முழுக்கக் குமிழி. விடிகாலை எழுந்து பார்த்தேன், எல்லாம் கீழேயே இருந்தன.

மே 14

எழுதவே கை வரவில்லை. ராத்திரி ஒரு மணிக்குக் கரண்ட் போயிருக்கிறது. ஃபேன் இன்வெர்ட்டரில் ஓடியதால் எங்களுக்குத் தெரியவில்லை. ஏர் பம்ப் வெளி பிளக்கில். நாலரைக்கு எழுந்தபோது பெரிய கோய் இரண்டும் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டன. மற்றவை மேலே வாயைப் பிளந்துகொண்டிருந்தன. நானும் இவரும் ஆளுக்கொரு குடத்தை எடுத்து மொண்டு மொண்டு தோளுயரத்திலிருந்து ஊற்றினோம், விடியும்வரை. பன்னிரண்டு பிழைத்தன. காற்று குறைந்தால் முதலில் போவது பெரிய மீன்தானாம். தம்பி அப்புறம் சொன்னான்.

மே 15

எலக்ட்ரீஷியன் வந்து ஏர் பம்பை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றினார். 15 வாட். ஒரு எல்இடி பல்பு இழுக்கிற கரண்ட். இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று இவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுவே சொன்ன மாதிரிதான்.

மே 19

காற்று சரி. ஆனாலும் மதியத்தில் மீன்கள் சோர்ந்து, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு கிடந்தன. தண்ணீரைச் சோதிக்கிற டெஸ்ட் கிட்டில் அம்மோனியா ஏறியிருந்தது. மீனின் கழிவிலிருந்தும் அழுகிய இரையிலிருந்தும் வருவது அது. எப்படி? நான் காலை எட்டு மணிக்கு ஒரு வேளைதான், அதுவும் அளவாகத்தான் இரை போடுகிறேன்.

சாயங்காலம் விடை கிடைத்தது. அத்தை மடியில் பொரியை வைத்துக்கொண்டு தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தார்.

“ரெண்டு செத்துப் போச்சே, மிச்சமாவது வயிறு நெறையத் தின்னட்டும்னுதாம்மா.”

எனக்குக் கோபம் வரவில்லை. “அத்தை, வெயில்ல நமக்கே சோறு எறங்கல இல்லீங்களா, அதுங்களுக்கும் அப்படித்தான்” என்றேன். தின்னாத பொரி அடியில் ஊறி அழுகியிருக்கிறது. பாசித் தண்ணீரில் இன்னொரு சங்கடமும் உண்டு. பகல் ஏற ஏற அதன் காரத்தன்மையும் ஏறும். 30 டிகிரியில், அதைக் காட்டும் பிஎச் அளவு ஏழரையாக இருக்கும் காலையில் அம்மோனியாவில் இரண்டரை சதவீதம்தான் விஷ வடிவில் இருக்கும். எட்டரைக்கு ஏறிவிட்ட மதியத்தில் இருபது சதவீதம். கிட்டில் ஒரே நிறம்தான் காட்டும், மீனுக்கு எட்டு மடங்கு.

அடியில் இருந்த வண்டலை ஹோஸால் உறிஞ்சி எடுத்தேன். கால் பங்குத் தண்ணீரை மாற்றப் போகிறேன், ஒரேயடியாக வேண்டாம் என்று இரண்டு நாள் காலையில். அந்த அழுக்குத் தண்ணீர் தென்னைக்கு. இரை மூன்று நாளைக்கு நிறுத்தம். வளர்ந்த மீன் தாங்கும்.

மே 23

கோடைமழை! ஊரே குளிர்ந்தது. நானும் நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். காலை எட்டு மணிக்கும் வானம் மூட்டம், மீன்கள் மறுபடி மேலே. மழையில் மேல்தண்ணீர் குளிர்ந்து கீழே இறங்க, அடிக்கசடு கிளறிக்கொண்டது. கூரைத் தூசியும் வழிந்து விழுந்திருக்கிறது. வெயில் இல்லாததால் பாசியும் வேலை செய்யவில்லை. மழை வந்தால் ஏர் பம்பை நிறுத்தலாம் என்று நினைத்திருந்தேன். பகலிலும் ஓடட்டும்.

மே 28

கத்திரி முடிகிறது, பஞ்சாங்கப்படி. வெயிலுக்கு அது தெரியவில்லை, மதியம் 32. அல்லியில் முதல் மொட்டு.

பன்னிரண்டும் இருக்கின்றன. ராத்திரி படுக்கப் போகும்போது அத்தை ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்தார். “ஓடுது” என்றார். பிறகுதான் விளக்கை அணைத்தார்.