இடம் சேர்க்கும் புரதம்: கிரப்2

உயிர்வேதியியல் படிக்கத் தொடங்கிய காலத்தில், ஒரு புரதத்தின் பெயரைக் கேட்டவுடன் அது எந்த வினையை ஊக்குவிக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். நொதிகளைக் கொண்டே பாடம் கற்றுவந்ததால், புரதம் என்றால் எதையாவது வெட்டும், ஒட்டும், மாற்றும் என்ற எண்ணம் மனத்தில் ஊறிப்போயிருந்தது. முதுகலை ஆய்வுக்காகக் கிரப்2 என்ற மனிதப் புரதத்தைக் கையில் எடுத்தபோதுதான் அந்த எண்ணம் மாறியது. 217 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட இந்தச் சிறிய புரதத்துக்கு நொதிச் செயல் எதுவும் கிடையாது. ஆயினும், இதற்கான மரபணு முற்றிலும் நீக்கப்பட்ட எலிக்கரு, வளர்ச்சியின் தொடக்கக் கட்டத்திலேயே இறந்துவிடுகிறது.

இதன் அமைப்பைப் பார்த்தால் இதன் வேலை ஓரளவு விளங்கிவிடும். நடுவில் எஸ்ஹெச்2 எனப்படும் ஒரு டொமைனும் (தனித்து மடிந்து தனி வேலை செய்யும் புரதப் பகுதி), அதன் இருபுறமும் எஸ்ஹெச்3 எனப்படும் டொமைன்கள் ஒவ்வொன்றும் இருக்கின்றன. எஸ்ஹெச்3 பகுதிகள், புரோலின் என்ற அமினோ அமிலம் மிகுந்த புரதத் துண்டுகளைப் பற்றிக்கொள்கின்றன. எஸ்ஹெச்2 பகுதியோ பாஸ்பேட் ஏறிய டைரோசின் என்ற அமினோ அமிலத்தைத் தேடுகிறது. அப்படிப்பட்ட எல்லா டைரோசினும் அதற்குப் பொருந்திவிடுவதில்லை. டைரோசினுக்கு அடுத்து இரண்டாவது இடத்தில் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். பிணைப்பு இடத்தில் பருமனான ஒரு டிரிப்டோஃபேன் வழியை மறித்து நிற்பதால், வந்து சேரும் சங்கிலி நேராகப் படுக்க முடியாமல் வளைய வேண்டியிருக்கிறது. அந்த வளைவில் சரியாக அமர்வது அஸ்பராஜின்தான். ஒரே ஒரு பக்கச் சங்கிலி இவ்வளவு நுட்பமான தேர்வைச் செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

மேல்தோல் வளர்ச்சிக் காரணி செல்லின் வெளிப்புறத்தில் வந்து பிணையும்போது, அதைப் பற்றிக்கொள்ளும் சவ்வுப் புரதங்களான ஏற்பிகள் இரண்டு இணை சேர்ந்து, செல்லுக்குள் நீண்டிருக்கும் ஒன்றின் வாலில் மற்றொன்று பாஸ்பேட்டை ஏற்றுகின்றன. அவ்வாறு பாஸ்பேட் பெறும் 1068-ஆம் டைரோசின், கிரப்2 நேராக வந்து அமரும் முக்கிய இடங்களில் ஒன்று. அது தனியாக வருவதில்லை. தன் எஸ்ஹெச்3 பகுதிகளால் சாஸ் என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டே வருகிறது. சவ்வின் உட்புறத்தில் ராஸ் புரதம் ஒரு கொழுப்புச் சங்கிலியால் கட்டுண்டு கிடக்கிறது. குவானோசின் டைபாஸ்பேட்டைப் பிடித்திருக்கும் வரை அது உறங்குநிலையில்தான் இருக்கும். சாஸ் அருகில் வந்து ராஸின் பிடியைத் தளர்த்தும்போது டைபாஸ்பேட் வெளியேற, செல்லில் அதைவிட மிகுதியாக உள்ள டிரைபாஸ்பேட் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ள, ராஸ் விழித்துக்கொள்கிறது. அதன் பின் ராஃப், மெக், எர்க் என்ற கைனேஸ்கள் (பாஸ்பேட்டை ஏற்றும் நொதிகள்) வழியாக, வளரச் சொல்லும் செய்தி உட்கருவை எட்டுகிறது.

இத்தனையிலும் கிரப்2 செய்தது, சாஸைச் சவ்வின் அருகில் கொண்டுவந்து நிறுத்தியது மட்டுமே. அது அவ்வளவு பெரிய வேலையா என்று கேட்பவர்களுக்கு 1994-இல் வெளியான ஒரு சோதனையைச் சொல்வேன். சாஸ் புரதத்தைச் செயற்கையாகச் சவ்வோடு பிணைத்துவிட்டபோது, வளர்ச்சிக் காரணியின் தூண்டல் இல்லாமலேயே ராஸ் வழித்தடம் இயங்கத் தொடங்கியது. சாஸின் வினைத்திறன் அதற்கு முன்பும் இருந்தது. இல்லாமல் இருந்தது இடம்தான்.

என் சொந்த ஆய்விலும் இதைத் தெரிந்துகொள்ள நேர்ந்தது. பாக்டீரியாவில் தயாரித்த எஸ்ஹெச்2 பகுதியை நுண்ணிய மணிகளில் ஏற்றி, வளர்ச்சிக் காரணி கொடுத்த செல்களின் சாற்றிலிருந்து ஏற்பியைப் பிடித்தெடுக்க முயன்றேன். புரதங்களை எடைவாரியாகப் பிரித்துக் காட்டும் படலத்தில், ஏறத்தாழ 170 கிலோடால்டன் உயரத்தில் தெரிய வேண்டிய ஏற்பியின் பட்டை இரண்டு முறையும் தெரியவில்லை. ஆன்டிபாடியை மாற்றினேன், மணிகளை மாற்றினேன், பயனில்லை. செல்களை உடைக்கும் கரைசலில் சோடியம் ஆர்த்தோவனடேட் சேர்க்கப்படவில்லை என்பது மூன்றாம் வாரத்தில்தான் தெரியவந்தது. பாஸ்பேட்டை நீக்கும் நொதிகளைத் தடுக்க அது இல்லாததால், செல்லை உடைத்த சில நிமிடங்களிலேயே ஏற்பியின் டைரோசின்கள் வெறுமையாகியிருந்தன. ஏற்பி சாற்றில் இருந்தது, எஸ்ஹெச்2 மணியில் இருந்தது. இரண்டையும் சேர்த்துவைக்கும் பாஸ்பேட் மட்டும் இல்லை. வனடேட்டைச் சேர்த்துச் செய்த அடுத்த சோதனையில் பட்டை அழுத்தமாகத் தெரிந்தது. இந்தப் பிணைப்பு செல்லுக்குள் எவ்வளவு தற்காலிகமானது என்பதைப் படங்களைவிட அந்த வெற்றுப் படலமே எனக்கு நன்றாக உணர்த்தியது.

இந்தப் புரதத்தின் வரலாறு மனிதனோடு நிற்பதில்லை. 1992-இல் மனித கிரப்2 விவரிக்கப்பட்ட அதே ஆண்டில், சி. எலிகன்ஸ் என்ற நுண்புழுவின் செம்-5 மரபணுவும் இதே வரிசையில் அமைந்த மூன்று டொமைன்களைக் கொண்டது என்று தெரியவந்தது. பழ ஈயில் இதன் இணை டிஆர்கே எனப்படுகிறது. சாஸ் என்ற பெயரே ஈயின் கண்ணிலிருந்து வந்தது: கூட்டுக்கண்ணின் ஒவ்வோர் அலகிலும் ஏழாவது ஒளியுணர் செல் உருவாகாத திரிபுக்குச் செவன்லெஸ் என்று பெயரிட்டார்கள், அதன் செய்தியைக் கீழே கடத்தும் மரபணு செவன்லெஸின் மகன் ஆயிற்று, அதன் சுருக்கம்தான் சாஸ். செம்-5 பழுதான புழுவில் மனித கிரப்2 மரபணுவை இட்டபோது அது பழுதான மரபணுவின் வேலையை ஏற்றுச் செய்ததாக 1993-இல் வெளியிட்டார்கள்.

இடம் சேர்ப்பதே வேலையாக இருப்பதால், தவறான இடத்தில் சேர்வது நோயாகிறது. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோயில், 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி, பிசிஆர்-ஏபிஎல் என்ற கலப்புப் புரதம் உருவாகிறது. ஓயாது இயங்கும் இந்தக் கைனேஸ் தன் 177-ஆம் டைரோசினில் தானே பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்ள, கிரப்2 அங்கே வந்து அமர்ந்துவிடுகிறது. வெளியிலிருந்து எந்த வளர்ச்சிக் காரணியும் அழைக்காமலேயே ராஸுக்குச் செய்தி போய்க்கொண்டிருக்கிறது. எலிகளில் அந்த ஒரு டைரோசினை ஃபினைல்அலனினாக மாற்றியபோது, பிசிஆர்-ஏபிஎல் அந்த மைலாய்டு நோயை உண்டாக்கும் திறன் பெரிதும் குன்றியது.

கிரப்2 சாஸை மட்டுமே சுமப்பதாக எண்ணிவிடக் கூடாது. சிபிஎல் என்ற புரதத்தையும் அது இதே ஏற்பியிடம் அழைத்துவருகிறது. சிபிஎல் ஏற்பியின்மீது யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்ட, ஏற்பி செல்லுக்குள் இழுக்கப்பட்டு, செல்லின் சிதைப்புப் பையான லைசோசோமில் சிதைகிறது. செய்தியைத் தொடங்கிவைத்த அதே கிரப்2, அதை முடித்துவைக்கும் புரதத்துக்கும் வழிகாட்டுகிறது.