பசிக்கலைன்னு சொல்லிக்கொண்டு யாரும் வர்றதில்லை

ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியின் சிக் ரூமில் நர்ஸாக இருக்கிறேன். காய்ச்சல், சுளுக்கு, வீட்டு ஞாபகத்தில் வரும் வயிற்றுவலி, இவைதான் அன்றாடம். "சிஸ்டர், நான் சாப்பிடறதே இல்ல" என்று ஒரு பிள்ளையும் வந்து நின்றதில்லை. சாப்பாட்டோடு மல்லுக்கட்டும் மனநோய் உள்ளவர்கள் வேறு எதையாவது சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். பிரேயரில் மயக்கம், மலச்சிக்கல், பல் கூச்சம், மூன்று மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை, இப்படி. பீரியட்ஸ் என்றதும் வீட்டில் நேராகப் பிசிஓடி என்கிற சினைப்பை நீர்க்கட்டிக்கான ஸ்கேனுக்குக் கூட்டிப்போய்விடுகிறார்கள். என்ன சாப்பிடுகிறாள் என்ற கேள்வி அங்கேயே அடிபட்டுப்போகிறது.

மலை மேல் இன்னொரு தொல்லை, ஸ்வெட்டர். கீழே சேலத்தில் சித்திரை வெயிலில் ஒரு பெண் ஸ்வெட்டர் போட்டு நடந்தால் நாலு பேர் கேட்பார்கள். இங்கே 1,500 மீட்டர் உயரத்தில் எல்லாரும்தான் போட்டிருக்கிறோம். உடம்பு கரைவதும் தெரியாது, அளவுக்கு மீறிக் குளிர்வதும் தெரியாது. அதனால் மதிய வெயிலில்தான் கவனிப்பேன். மற்றவர்கள் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடும்போது, யார் ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்து மூடிக்கொண்டு நிற்கிறாள்? பிபி பார்க்கும் சாக்கில் அந்தக் கையை மடித்துவிட்டால் சில சமயம் பூனைமுடி மாதிரி மெல்லிய ரோமம் படர்ந்திருக்கும். கொழுப்பு போன உடம்பில் இப்படி முளைப்பதுண்டு. நாடி 50-க்கும் கீழே துடிக்கும். ஓட்டப்பந்தயப் பிள்ளைக்கு நாடி குறைவாக இருப்பது சகஜம்தான். ஆனால் எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, பீரியட்ஸும் நின்றுவிட்டது என்றால் அந்தச் சமாதானத்தை நான் ஏற்பதில்லை.

சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பவர்களைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம், எடை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அவர்களிடம் விரல் முட்டிகளைப் பார்ப்பேன். தொண்டைக்குள் விரல் விடும்போது பல் உரசி அங்கே தழும்பு விழும். 1979-ல் இந்த நோயை விவரித்த ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவரின் பெயரில்தான் அந்த அடையாளம் வழங்குகிறது. காதுக்குக் கீழே கன்னம் அம்மைக்கட்டு போல உப்பியிருக்கலாம். மேல்வரிசை முன்பற்களின் உட்புறம் அமிலத்தில் அரித்திருக்கலாம். ஆள் திடமாகத் தெரிந்தாலும் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையையும் ஈசிஜியையும் தள்ளிப்போட விடமாட்டேன்.

இத்தனை சொன்னாலும், எனக்கு முன்னால் கண்டுபிடிப்பவர்கள் மெஸ் அக்காக்கள்தான். உடம்பில் தெரிவதற்கு எத்தனையோ நாள் முன்பே தட்டில் தெரிந்துவிடும். "சிஸ்டர், அந்தப் பாப்பா தோசையப் பிச்சுப் பிச்சுத் தட்டு பூராப் பரப்பி வெக்குதுங்க, வாய்க்குப் போறதத்தான் காணோம்" என்று ஒரு அக்கா வந்து சொன்னார். அந்த ஞாயிற்றுக்கிழமை யாரோ பெற்றோர் சேலத்திலிருந்து தட்டுவடை செட்டுக்கு வேண்டியதெல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். அந்தப் பெண்தான் முன்னால் உட்கார்ந்து வேலை பார்த்தாள். சிவப்புச் சட்னி ஒரு தட்டுவடைக்கு, பச்சைச் சட்னி இன்னொன்றுக்கு, நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். டார்மெட்டரி முழுக்க ஊட்டாத குறையாகக் கொடுத்தாள். தனக்கென்று ஒன்றுகூட எடுக்கவில்லை, விரலில் ஒட்டிய சட்னியைக்கூடக் குழாயில் கழுவினாள். மற்றவர்களுக்குச் சமைத்துப் போடுவதில், சமையல் வீடியோ பார்ப்பதில் இவர்களுக்கு உள்ள தீவிரம் பெற்றோர்களை நன்றாக ஏமாற்றும்.

விரதமும் அப்படித்தான். நிஜமாக விரதம் இருக்கிறவள் எப்போது முடியும் என்று கடிகாரத்தைப் பார்ப்பாள். இவளுக்கோ சஷ்டி முடிந்தால் பிரதோஷம், அது முடிந்தால் சனிக்கிழமை.

பையன்களும் உண்டு. சிக்ஸ் பேக் மோகத்தில் சோற்றை அறவே விட்டவனை ஊரே பாராட்டுவதால் அவன் கண்ணில் படுவதில்லை.

பெற்றோருக்கு ஃபோன் போட்டால் "எங்க வீட்ல எல்லாருமே ஒடிசல்தாங்க சிஸ்டர்" என்பார்கள். அடுத்து பாட்டி நெய்யும் உளுந்தங்களியுமாகப் புறப்படுவார். பல நாள் காய்ந்த உடம்பில் ஒரேயடியாகச் சோறு இறங்கினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம், டாக்டர் சொல்லும் அளவில்தான் ஏற்ற வேண்டும் என்று பொறுமையாகச் சொல்வேன். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டதும் தயங்குகிறவர்களிடம், முதலில் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் பேசுங்கள் என்பேன். 2022-லிருந்து நடக்கிற இலவச சேவை, தமிழிலேயே பேசலாம்.

பிள்ளையிடம் எடையைப் பற்றிப் பேச்சே எடுக்கமாட்டேன். தேறி வரும் பிள்ளையிடம் "நல்லா சதை போட்டுட்டியே" என்று பாசமாகச் சொன்னாலே போதும், மறுபடி தட்டைத் தள்ளிவிடுவாள். தூக்கம் வருதா, குளிருதா, படிக்க முடியுதா என்றுதான் ஆரம்பிப்பேன்.

டெர்முக்கு ஒருமுறை வகுப்பிலேயே நிற்க வைத்து எடையைச் சத்தமாக வாசிக்கும் வழக்கம் எங்கள் பள்ளியிலும் இருந்தது. பிரின்சிபாலிடம் பேசி அதை நிறுத்தி, சிக் ரூமுக்குள் திரைபோட்டுப் பார்க்கிறோம். பி.டி. சாருக்கு இதில் இன்னும் உடன்பாடில்லை. பத்து நிமிஷ வேலையை ரெண்டு நாளாக இழுக்கிறேனாம்.