இன்னொருத்தர் எடுத்துப்போன லோடு

அன்று மாலை நான் போக மாட்டேன் என்று சொன்னதை இன்றுவரை ஒருவரும் தப்பு என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தீர்த்திருப்பேன். கம்பெனியிலும் “கேப்டன் முடிவு கேப்டனுடையது” என்று பேச்சை முடித்துவிட்டார்கள். மெமோ வரவில்லை, சம்பளத்திலும் கை வைக்கவில்லை. ஆனால் போன வாரம் மின்னஞ்சலில் ஒரு படிவம் வந்தது. அதைத் திறந்ததிலிருந்து என் மனசு மறுபடியும் ஆண்டிகுவா விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் அந்த ராம்ப்பில் போய் நிற்கிறது.

டிசம்பர் மாதம். கரீபியனில் டிசம்பர் என்றால் சரக்கு விமானத்துக்கு மூச்சு விட நேரமிருக்காது. டொரோண்டோவிலும் நியூயார்க்கிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் பீப்பாய் பீப்பாயாக ஊருக்கு அனுப்புவார்கள்: அரிசி, எண்ணெய், ஷூ, பொம்மை. பீப்பாய்கள் கப்பலில் போய்விடும். கப்பலுக்குப் பிந்தியவை, அவசரமானவை, மருந்து, கார் உதிரிபாகம் எல்லாம் எங்கள் தலையில் விழும். எங்களிடம் இருந்தது ஒற்றை இன்ஜின் செஸ்னா கேரவன். சீட்டுகள் எடுத்துவிட்ட உடம்பு, வயிற்றுக்குக் கீழே ஒரு சரக்குப் பெட்டி, ஓட்ட ஒரே ஆள். அன்றைக்கு டொமினிகா தீவில் கேன்ஃபீல்டு விமான நிலையத்துக்குப் போக வேண்டும். (டொமினிகன் குடியரசு வேறு. என் அம்மாவே கடைசிவரை நான் அங்கேதான் பறக்கிறேன் என்று சொந்தக்காரர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.)

கேன்ஃபீல்டு ஓடுபாதை ஆயிரம் மீட்டருக்கும் குறைவு. மேற்குக் கரையில், மலையடிவாரத்தில் இருக்கிறது. கிழக்கிலிருந்து வரும் காற்று மலையேறி இந்தப் பக்கம் கவிழ்ந்து விழும் இடம். டிசம்பர் நடுவிலிருந்து அந்தக் காற்று இன்னும் பலமாகும்; ‘கிறிஸ்துமஸ் விண்ட்ஸ்’ என்றே அதற்குப் பெயர். இருட்டிவிட்டால் அங்கே இறங்கவும் முடியாது. தீவின் வடகிழக்கில் டக்ளஸ்-சார்ல்ஸ் என்று பெரிய ஓடுபாதை இருக்கிறதே என்று கேட்கலாம். அங்கே இறக்கினால் தலைநகர் ரோசோவுக்கு மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் லாரி ஓட்ட வேண்டும், லாரி வாடகை யார் கொடுப்பது என்ற தகராறு வரும். ஆகவே கேன்ஃபீல்டு. சூரியன் மறைவதற்குள். பறக்கும் நேரம் முக்கால் மணி.

கேரவனில் சரக்கு ஏற்றும்போது வால் பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க வாலடியில் ஒரு கம்பி முட்டுக் கொடுப்பார்கள். டெயில் ஸ்டாண்ட். எடை சரியாகப் பரவியிருந்தால், எல்லாம் ஏற்றி முடித்ததும் அது தரையைத் தொடாமல் தொங்கும். ஒரு கையால் கழற்றிவிடலாம். அன்றைக்கு லோடர் அதைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார். வரவில்லை. முன்னால் போய்ப் பார்த்தேன். மூக்குச் சக்கரத்தின் ஸ்ட்ரட், அதாவது பாரத்துக்கு ஏற்ப அமுங்கும் கால், பளபளவென்று வழக்கத்தைவிட நீளமாக வெளியே தெரிந்தது. பின்னால் பாரம் அதிகம் என்று விமானமே சொல்கிறது. ஆனால் லோட் ஷீட் என்ற எடைப் பட்டியலில் 2,450 பவுண்டு, சரக்கறையைப் பிரித்திருக்கும் எல்லா வட்டாரமும் வரம்புக்குள்.

லோடர் அறுபதைத் தாண்டியவர். கையுறையைக் கழற்றியபடி மெதுவாகச் சொன்னார்: “கேப்டன், ஷெட்டுல தராசு ஒரு வாரமா வேலை செய்யல. ஏஜென்ட் ஒட்டி அனுப்பின எடையத்தான் எழுதியிருக்கு. அந்தச் சீட்டு ஒண்ணு சொல்லுது, என் இடுப்பு வேற சொல்லுது.”

மேனேஜரிடம் போனேன். இறக்கி, அடுத்த ஹேங்கரில் தராசு கடன் வாங்கி, எடை போட்டு ஏற்றலாம் என்றேன். கைக்கடிகாரத்தைக் காட்டினார். இறக்கி ஏற்றினால் இன்றைக்குப் போக முடியாது. நாளைக்கு விமானத்துக்கு வேறு வேலை, மறுநாள் ஞாயிறு. “ஏஜென்ட் கொடுத்த எடைதான் எடை. இத்தனை நாளும் அப்படித்தானே போயிட்டிருக்கு?” என்றார். உண்மைதான், போய்க்கொண்டுதான் இருந்தது. நான் போக மாட்டேன் என்றேன். அவர் குரலை உயர்த்தவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்திருந்த இன்னொரு விமானியைப் பார்த்தார்.

அவர் கயானாக்காரர். காட்டுக்குள் இருக்கும் மண் ஓடுபாதைகளில் பறந்து கை தேர்ந்தவர். அனுபவத்தில் என்னைவிட மூத்தவர், வயதில் இளையவர். எழுந்து வந்து “என்ன விஷயம்?” என்றார். எல்லாம் சொன்னேன்: தராசு, ஸ்டாண்ட், ஸ்ட்ரட், பின்பக்கம் கடைசி இரண்டு வட்டாரத்தில் இருக்கும் பெட்டிகள். ஒன்றையும் மறைக்கவில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பிறகு எனக்கே சில நாள் இதில் சந்தேகம் வந்திருக்கிறது. அவர் போய் ஸ்ட்ரட்டைக் கையால் தடவிப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

“மாட்டேன்னு சொல்லிட்டுப் போறதுக்கு உனக்கு கனடா இருக்கு, பிரதர்.”

“எனக்கும் கடன் இருக்கு” என்றேன். சிரித்தார். அவ்வளவுதான். நான் அலுவலகத்துக்குப் போய் லாக் புக்கில் எழுத வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தபோது இன்ஜின் சத்தம் கேட்டது.

இறங்கிவிட்டார். வாட்ஸாப்பில் கட்டைவிரல் வந்தது. மேனேஜர் ஒன்றும் பேசவில்லை, போனை மட்டும் என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

ஒன்றும் ஆகவில்லை என்பதால் சரியான முடிவு தப்பாகிவிடாது. இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் முதல் நாளே சொல்வார்கள், நானே பயிற்சியாளனாக இருந்தபோது பிள்ளைகளுக்குச் சொன்னதுதான். 1997 ஆகஸ்டில் மயாமியிலிருந்து சாண்டோ டொமிங்கோவுக்கு ஜீன்ஸ் துணி ஏற்றிப் புறப்பட்ட டிசி-8 சரக்கு விமானத்தில், விமானிகள் நினைத்திருந்ததைவிடப் பாரம் பின்னால் இருந்தது. மூக்கு தானாக மேலே போனது, திரும்பி வரவில்லை. விமானத்தில் நான்கு பேர், தரையில் ஒருவர் செத்தார்கள். 2001-இல் பஹாமாஸில் மார்ஷ் ஹார்பரில் பாடகி ஆலியா போன செஸ்னா 402-ம் அதிக எடை, பின்பாரம். ஒன்பது பேர். கேரவனின் உச்ச எடை 8,750 பவுண்டு, ஏறக்குறைய 3,970 கிலோ. அந்த எண்ணுக்குள் கொஞ்சம் இடைவெளி விட்டு வைத்திருப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்த இடைவெளியைத் தின்றுதான் பல கம்பெனிகள் பிழைக்கின்றன. எடை கூடினால் தேவைப்படும் ஓடுபாதை நீளும், ஏறும் வேகம் குறையும். ஆனால் பாரம் பின்னால் போனால் விமானத்தின் குணமே மாறிவிடும். மலைக்காற்று அடித்துத் தள்ளும் இடத்தில், நானறியாத குணமுள்ள ஒன்றை ஓட்ட நான் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும்?

இப்படி வாதாடும்போது ஜெயித்துவிடுகிறேன். பிறகு அந்த ஒரு வாக்கியம் வருகிறது.

அவருடைய வொர்க் பர்மிட் அந்த வருஷக் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் அதே மேனேஜர். இது எனக்குத் தெரியும், எங்கள் இருவருக்கும் வீடு ஒன்றுதான். என்னுடைய பர்மிட்டும் அதே கம்பெனி பெயரில்தான் இருந்தது. ஆனால் அது போனால் நான் டொரோண்டோவுக்கு டிக்கெட் போட்டுவிட்டு மறுபடி சொல்லிக்கொடுக்கப் போயிருப்பேன். நான் அந்தத் தீவுக்கு வந்ததே டர்பைன் இன்ஜின் விமானம் ஓட்டிய மணிநேரம் சேர்க்கத்தான். கனடாவின் வடக்கில் குளிரில் பெட்டி தூக்கி, எப்போது விமானி சீட் தருவார்கள் என்று காத்திருப்பதைவிட, நேராக கேரவனில் உட்காரலாம் என்ற கணக்கு. சம்பளம் சுமார்தான். கிழக்குக் கரீபியன் விமானப் போக்குவரத்து ஆணையம் என் கனடா லைசென்ஸை ஏற்றுக்கொள்ள வைக்கவே மாசக்கணக்கில் அலைந்தேன். எனக்கு அது ஒரு படி. அவருக்கு அது வேலை.

அவர் முன்னோர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாகக் கப்பலேறி வந்தவர்கள். எந்த ஊர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கயானாவுக்குக் கப்பல் போயிருக்கிறது. ஒரு முதலாளியின் கையெழுத்தில் தொங்கும் வாழ்க்கை என்று நான் இரண்டையும் முடிச்சுப் போட ஆரம்பித்தால் அவரே சிரிப்பார். அவர் கூலி இல்லை, கேப்டன். என்னைவிட நல்ல கேப்டன். அதனால்தான் போனார் என்றும் சொல்லலாம். எனக்கு எட்டாத கணக்கு அவர் கைக்கு எட்டியிருக்கலாம்.

மனசுக்குள் அந்த ராம்ப்பை ஓட்டிப் பார்க்கும்போது சில சமயம் நான் வேறு பதில் சொல்கிறேன். “அப்படின்னா நீயும் போகாதே. ரெண்டு பேரும் மாட்டேன்னா அவர் என்ன செய்வார்?” கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவருடைய பர்மிட்டை வைத்து என் கொள்கையைச் சூதாட எனக்கு யார் உரிமை கொடுத்தது? சொல்லாமல் இருந்ததுதான் மரியாதை என்று தோன்றுகிறது. அடுத்த நிமிஷமே, அந்த மரியாதையால் யாருக்கு லாபம் என்றும் தோன்றுகிறது. என் மறுப்பால் ஒரு பெட்டிகூடக் குறையவில்லை. அதே பெட்டிகள், அதே விமானம், அதே காற்று. ஓட்டின ஆள் மட்டும்தான் வேறு. என்னைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று சொல்வது சரி. விமானப் பாதுகாப்பைக் காப்பாற்றினேன் என்று அதை நேர்முகத் தேர்வுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறேனே, அதுதான் உறுத்துகிறது. ‘அழுத்தம் வந்தபோது மறுத்த ஒரு சம்பவம் சொல்லுங்கள்’ என்று கேட்பார்கள். சொல்வேன். வேலை கிடைத்தது.

ஜனவரியில் தராசைச் சரிசெய்தார்கள். என்னால்தான் என்று கொஞ்ச நாள் பெருமையாக இருந்தேன். உதிரிபாகத்துக்கு அதற்கு முன்னாலேயே ஆர்டர் கொடுத்தாகிவிட்டது என்று லோடர்தான் சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. ஒரு வருஷம் கழித்துப் போனில் பேசும்போது, நான் கேட்காமலே அவர் சொன்னார்: “அன்னிக்கு நாலஞ்சு பெட்டி இறக்கி வச்சுட்டு, மிச்சத்த முன்னால தள்ளிட்டுத்தான் போனேன். நீ ஆபீஸுக்குள்ள இருந்தே.” அப்படியென்றால் மேனேஜரும் நானும் முடியும், முடியாது என்று வாதாடிய விஷயத்தைச் சில நிமிஷத்தில் ஒரு ஆள் முடித்துவிட்டார். ஆனால் மறுநாள் காலையில் ஷெட் காலியாக இருந்ததைப் பார்த்தவன் நான். லோடரிடம் “மிச்சம் ஏதாவது இருக்கா?” என்று கேட்டதும், “எல்லாம் போயிருச்சு கேப்டன்” என்று அவர் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. போனில் அந்தக் கயானாக்காரர் அதைச் சொன்னது என்னைச் சமாதானப்படுத்தவா, தன்னையா, அல்லது நடந்ததே அதுதானா? இறக்கிய பெட்டியைத் தன் காரில் வைத்துப் பூட்டியிருக்கவும் கூடும். கேட்டால் சண்டையாகிவிடும் என்று கேட்கவில்லை.

இப்போது அவருக்கு கனடாவில் நிரந்தர வசிப்புரிமை கிடைத்திருக்கிறது. நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு விண்ணப்பித்து, பரிந்துரைக்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார். போன வாரம் வந்தது அந்தப் படிவம்தான். எத்தனை காலமாகத் தெரியும், நேரம் தவறாதவரா என்றெல்லாம் கேட்டுவிட்டு நடுவில் ஒரு கேள்வி: எடை, சரக்கு ஏற்றம் உள்ளிட்ட பாதுகாப்பு விதிகளை இவர் எப்போதும் கடைப்பிடிப்பவரா? ஆம், இல்லை. இரண்டு கட்டம்.

ஆம் என்று போட்டால் அன்று நான் மறுத்ததற்கு அர்த்தம் என்ன? இல்லை என்று போட்டால், அவர் போக வேண்டி வந்ததில் என் பங்கை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இங்கே அவருக்குப் பர்மிட் பயம் கிடையாது; இங்கே அவரும் மாட்டேன் என்று சொல்வார் என்று நம்புகிறேன். ஆனால் படிவம் கேட்பது ‘எப்போதும்’.

இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு ஆம் என்று போட்டு அனுப்பினேன். கூடுதல் கருத்து எழுதும் இடத்தில், மலையோரக் காற்றில் இவரைப் போல விமானத்தைக் கையாளும் இன்னொருவரைப் பார்த்ததில்லை என்று எழுதினேன். அதில் பொய் இல்லை.