லாரா 1.9 டீசலில் கேம்ஷாஃப்ட் மாற்றிய அனுபவம்

பழைய டீசல் காரில் பிக்கப் குறைந்தால் நம்ம ஊரில் முதல் பழி இன்ஜெக்டர் மேல்தான் விழும். அடுத்து டர்போ, அதற்கும் அடுத்து இஜிஆர் (எரிந்த புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் வால்வ்). என்னுடைய 2007 மாடல் ஸ்கோடா லாராவுக்கும் இதே வரிசையில்தான் வைத்தியம் சொன்னார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்கிய வண்டி, ஓட்டம் இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. அவிநாசி ரோட்டில் ஓட்டும்போது பெரிதாக ஒன்றும் தெரியாது. கோத்தகிரி ஏற்றத்தில் விட்டால் இரண்டாவது கியரிலேயே மூச்சு வாங்கும், பின்னால் கறுப்பாகப் புகை தள்ளும். ஐட்லிங்கில் லேசான உதறல். பானெட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் பெட்டிப் பக்கம் காதைக் கொடுத்தால் 'புஸ்... புஸ்...' என்று தாளம் தப்பாமல் ஒரு சத்தம். ஸ்கேனர் போட்டால் எர்ரர் கோடு ஒன்றுகூட இல்லை.

கோடு வராததில் ஆச்சரியம் இல்லை. கேம், அதாவது வால்வுகளைத் திறக்கும் மூக்குகள் கொண்ட தண்டான கேம்ஷாஃப்ட், தேய்ந்துவிட்டது என்று சொல்ல எந்த சென்சாரும் கிடையாது. வண்டியைப் போத்தனூர் பக்கம் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அந்த அண்ணன் ஸ்கேனரில் கோடு பகுதியைப் பார்க்கவே இல்லை. நேராக 13-ஆம் அளவீட்டுத் தொகுப்புக்குப் போனார். ஐட்லிங் சீராக இருக்க ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்று அதில் தெரியும். மூன்றாவது சிலிண்டர் மட்டும் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாக நின்றது.

"ஏனுங்க, இன்ஜெக்டரைக் கழட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பறதுக்கு முன்னால மேல்மூடியத் தொறந்து பாத்துரலாமுங்க. செலவில்லாத வேலை" என்றார்.

டேப்பட் கவரைக் கழற்றியதும் வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் கேம் மூக்கு மழுங்கி, ஓரங்கள் வழித்தெடுத்ததுபோல இருந்தது. பக்கத்துச் சிலிண்டரின் மூக்கோடு ஒப்பிட்டால் உயர வித்தியாசம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. பிறகு கேமைத் தூக்கி அதற்கடியில் இருந்து வால்வை அமுக்கும் ஹைட்ராலிக் லிஃப்டரை எடுத்தபோதுதான் எனக்கே திக்கென்றது. தட்டையாக இருக்கவேண்டிய அதன் தலை பணியாரக் குழி மாதிரி குழிந்து, நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஓட்டையே விழுந்திருந்தது. எக்ஸாஸ்ட் வால்வ் சரியாகத் திறக்காததால் எரிந்த வாயு முழுதாக வெளியேறாமல் தேங்கி, அடுத்து இன்டேக் வால்வ் திறக்கும்போது அந்தப் பக்கமாகத் திருப்பி ஊதியிருக்கிறது. நான் கேட்ட 'புஸ்' அதுதான்.

இந்த இன்ஜின் 'பும்ப டூஸ' வகை, சுருக்கமாக பிடி. ஐரோப்பாவில் 1998-ல் கார்களுக்கு வந்த அமைப்பு. இதில் தனியாக ஹை பிரஷர் பம்ப் கிடையாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் பம்பும் இன்ஜெக்டரும் ஒரே உடம்பாக ஹெட்டிலேயே உட்கார்ந்திருக்கும். அதை அமுக்குவதும் கேம்ஷாஃப்ட்தான். 2,050 பார் வரை அழுத்தம் கொடுக்கும். அன்றைய காமன் ரெயிலைவிட அது அதிகம். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. சிலிண்டருக்கு இரண்டு மூக்கு இருந்த இடத்தில் மூன்று வைக்க வேண்டும். இன்ஜெக்டருக்கான மூக்கு அகலமாக இடத்தைப் பிடித்துக்கொள்ள, வால்வுக்கான இரண்டும் ஒல்லியாகிவிட்டன. இன்ஜெக்டர் மூக்கில் உருளை வைத்த ராக்கர், அதாவது இன்ஜெக்டரை அமுக்கும் நெம்புகோல், ஓடுகிறது, அதனால் சுலபத்தில் தேயாது. ஒல்லியான வால்வ் மூக்குகளோ லிஃப்டர் தலைமேல் உரசிக்கொண்டே போகின்றன. இடையில் இருக்கும் ஆயில் படலம்தான் ஒரே காப்பு.

அதனால்தான் இந்த இன்ஜினுக்கு ஃபோக்ஸ்வாகனின் 505 01 தரச் சான்று உள்ள ஆயில் வேண்டும் என்று கையேட்டிலேயே எழுதியிருக்கிறது. பின்னால் வந்த 507 00-உம் ஊற்றலாம். வண்டியோடு வந்த பழைய பில்களைப் புரட்டினால், லாரிக்கும் டிராக்டருக்கும் ஊற்றுகிற 15டபிள்யூ40 பல தடவை போயிருக்கிறது. நல்ல ஆயில்தான், ஆனால் இந்த இன்ஜினுக்கானது இல்லை. டப்பாவில் 'டீசல் இன்ஜின் ஆயில்' என்று இருந்தால் போதும் என்று நினைக்கிற கடைகள் நம்மூரில் ஏராளம்.

அடுத்து வந்தது பார்ட்ஸ் பஞ்சாயத்து. கோயம்புத்தூரில் லேத்துக்கும் கிரைண்டிங்குக்கும் பஞ்சமா? தேய்ந்த மூக்கில் வெல்டு ஏற்றிக் கடைந்து தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். சென்னை புதுப்பேட்டையில் பழைய கேம் கிடைக்கும், வரவழைத்துத் தருகிறேன் என்றார் இன்னொருவர். இரண்டுமே வேண்டாம் என்று முடிவு செய்தோம். மூக்கின் மேல்பரப்பில் இருக்கும் கடினத்தன்மைதான் இதில் உயிர்நாடி; வெல்டு வைத்தால் அது அப்படியே திரும்ப வரும் என்று நம்ப முடியாது. பழைய கேமோ பழைய லிஃப்டரோடு பழகி ஓடியது. அதைப் புது லிஃப்டர்மேல் வைப்பதும், புது கேமைப் பழைய லிஃப்டர்மேல் வைப்பதும் ஒரே மாதிரி வீண்செலவு. புது கேம், எட்டு புது லிஃப்டர், கேம் பேரிங் ஷெல், ஆயில் சீல், ராக்கர் ஷாஃப்ட் போல்ட், டேண்டம் பம்ப் கேஸ்கெட், அதோடு வாட்டர் பம்ப் சேர்ந்த டைமிங் பெல்ட் செட் என்று மொத்தமாக வாங்கினேன். பெல்ட்டைக் கழற்றாமல் கேம் வெளியே வராது; கழற்றிய பழைய பெல்ட்டையே திரும்ப மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்கிற இன்ஜின் இது.

கழற்றுகிற வேலை கேட்பதற்குப் பெரிதாக இருந்தாலும் பொறுமையாகச் செய்தால் குழப்பம் இல்லை. வலதுபக்க இன்ஜின் மவுண்ட்டை எடுக்க வேண்டும் என்பதால் இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்புக்குக் கீழே பலகை வைத்து ஜாக்கி கொடுத்தார்கள். கிராங்க்குக்கும் கேமுக்கும் லாக் டூல் போட்டபிறகே பெல்ட்டில் கை வைத்தார்கள். 'பெயிண்ட் மார்க் போட்டுக்கலாம்' என்று சொல்கிற இடமாக இருந்தால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்திருப்பேன். இன்ஜெக்டர்களைக் கழற்றவே இல்லை. ராக்கர் ஷாஃப்ட்டை எடுத்தால் போதும், கேம் மேலே வந்துவிடும். பேரிங் கேப் போல்ட்டுகளைக் கொஞ்சங்கொஞ்சமாக மாற்றி மாற்றித் தளர்த்தினார். வால்வ் ஸ்பிரிங் ஒருபக்கம் மட்டும் தள்ளினால் கேம் உடைந்துவிடும்.

தேய்ந்த இரும்பெல்லாம் எங்கே போயிருக்கும்? ஆயிலில்தான். சம்பை இறக்கிப் பார்த்தால் அடிவண்டலில் மினுமினுவென்று பொடி. ஆயிலை உறிஞ்சும் குழாயின் ஜல்லடையைக் கழுவி மாட்டினோம். இந்த வேலையை விட்டுவிட்டு கேம் மட்டும் மாற்றிக் கொடுக்கிற ஆட்கள் உண்டு. கொட்டேஷன் குறைவாக இருப்பதன் ரகசியம் பல நேரம் இதுதான்.

என்னைப் பொறுத்தவரை மொத்த வேலையின் சூட்சுமம் இன்ஜெக்டர் ராக்கரை செட் செய்வதில் இருக்கிறது. ராக்கர் ஷாஃப்ட்டுக்குப் புது போல்ட் போட்டு, 20 நியூட்டன் மீட்டர் வைத்து, அதற்குமேல் 90 டிகிரி திருப்ப வேண்டும். பிறகு அட்ஜஸ்டிங் ஸ்குரூ தலையில் டயல் கேஜை நிறுத்தி, இன்ஜினைக் கையால் மெல்லச் சுற்ற வேண்டும். முள் இறங்கி இறங்கி, ஒரு இடத்தில் நின்று, திரும்ப ஏறத் தொடங்கும். அந்த நின்ற இடம்தான் கேம் இன்ஜெக்டரை முழுதாக அமுக்கியிருக்கும் நிலை. அங்கே வைத்து ஸ்குரூவை உள்ளே முறுக்கினால் ஒரு கட்டத்தில் கல்லைத் தொட்டதுபோல இறுகும். அதிலிருந்து சரியாக 180 டிகிரி பின்னால் திருப்பி லாக் நட்டை இறுக்க வேண்டும். இப்படி நான்கு சிலிண்டருக்கும். இடைவெளி விடாமல் வைத்தால் சூட்டில் உலோகம் விரியும்போது இன்ஜெக்டர் அடியில் போய் முட்டி நொறுங்கும். அண்ணன் இந்த வேலையின்போது மட்டும் போனை எடுக்கவில்லை, பையனையும் பக்கத்தில் விடவில்லை.

புது லிஃப்டர் போட்டபிறகு உடனே ஸ்டார்ட் செய்யக் கூடாது. குறைந்தது அரைமணி நேரம் விட்டால்தான் லிஃப்டருக்குள் இருக்கும் ஆயில் வடிந்து சரியான உயரத்துக்கு அமரும். அவசரப்பட்டால் வால்வ் மூடாமல் நின்று பிஸ்டனில் அடிபடும். நாங்கள் டீக்கடைக்குப் போய்விட்டு வந்து, கிராங்க்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி எங்கும் இடிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டோம். பிறகு இன்ஜெக்டர் கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ஆயில் பிரஷர் லைட் அணையும்வரை ஸ்டார்ட்டரை மட்டும் விட்டு விட்டுச் சுற்றினார்கள்.

கனெக்டரை மாட்டி ஸ்டார்ட் செய்ததும் முதலில் லிஃப்டர் படபடவென்று அடித்தது, சிறிது நேரத்தில் அடங்கியது. ஐட்லிங்கில் விடாமல் 2,000 ஆர்பிஎம் பக்கம் இருபது நிமிடம் வைத்து ஓட்டினார். புது மூக்கும் புது லிஃப்டரும் முகம் பார்த்துப் பழகுகிற நேரம் அது. ஐட்லிங்கில் கேமுக்குப் போதுமான ஆயில் தெறிக்காது. கடைசியாக ஸ்கேனரில் 4-ஆம் தொகுப்பைப் பார்த்து, கேம் புல்லியின் ஸ்லாட்டில் துளி நகர்த்தி, டார்ஷன் அளவை (கிராங்க்கோடு ஒப்பிட்டால் கேம் எவ்வளவு முன்பின் நிற்கிறது என்பது) பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

அந்த ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிட்டு, ஃபில்டரை அறுத்துப் பார்த்தோம். மடிப்புகளில் கொஞ்சம் பொடி இருந்தது. அதற்கடுத்த ஃபில்டரில் இல்லை. இப்போது ஆயில் கேனை நானே வாங்கி, பின்பக்க முத்திரையை அண்ணனிடம் காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன். கோத்தகிரி ஏற்றத்தில் மூன்றாவது கியரில் இழுக்கிறது, புகை இல்லை. டர்போ குழாய் இணைப்பில் மட்டும் லேசான ஆயில் ஈரம் தெரிகிறது. அதைத் தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருக்கிறார்.